மீன்தொட்டிக்கு எரிந்த கரண்ட்

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வீட்டில் இருந்தேன். வேலை போகவில்லை, தோள்தான் போயிருந்தது. பண்டகசாலையில் மேல்தட்டிலிருந்து சரிந்த பெட்டியொன்றை வலது கையால் தடுக்கப் போனேன். தோளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். மூன்று மாதம் முடிந்தபோது இன்னும் இரண்டு மாதம் என்றார்.

இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடைத்த நாளிலிருந்து நான் பகலில் வீட்டில் இருந்தவன் அல்ல. மல்கிரேவ் புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து மனைவி காலை ஆறு மணிக்கே முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்குப் புறப்பட்டுவிடுவாள். எட்டேகாலுக்கு மகள் பள்ளிக்கூடம் போவாள். அதற்குப் பிறகு வீட்டில் நான் மட்டும்தான். கதிரையில் இருப்பேன், இரண்டு நிமிடத்தில் எழும்புவேன். குசினிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். முன்கதவைத் திறந்து தபால்பெட்டியை எட்டிப் பார்ப்பேன். பத்து மணிக்கு ஒருதரம் பார்த்துவிட்டு, தபால்காரர் வரும் நேரமே இல்லை என்று தெரிந்தும் பதினொரு மணிக்கு இன்னொருதரம் பார்ப்பேன்.

காப்புறுதிக்காரர்கள் தந்துகொண்டிருந்த சம்பளப் பங்கு சில வாரங்களுக்குப் பிறகு குறைந்தது. அதே மாதத்தில்தான் கரண்ட் பில்லும் வந்தது. போன மாதத்தைவிட நன்றாகக் கூடியிருந்தது.

மனைவி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "குளிர்தானே, எல்லாற்ற வீட்டையும் கூடித்தான் வந்திருக்கும்" என்றாள்.

"எங்கட வீட்டில ஹீற்றர் போடுறதே பின்னேரம் மூண்டு மணித்தியாலம்தான்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? விறைச்சுக்கொண்டு இருப்பமா?"

அவள் படுக்கப் போய்விட்டாள். எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலையில் மின்சாரக் கம்பெனியின் செயலியைத் தொலைபேசியில் இறக்கினேன். எங்கள் வீட்டு மீற்றர் ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் எவ்வளவு கரண்ட் எரிந்தது என்று கணக்கு அனுப்புவது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. செயலியில் அது சின்னச் சின்னத் தூண்களாக நின்றது. பின்னேரம் அறை ஹீற்றர் எரியும் நேரத்தில் உயரம், குளிக்கும் நேரத்தில் உயரம். அது விளங்கியது. விளங்காதது என்னவென்றால், நாங்கள் மூன்று பேரும் நித்திரையாயிருந்த நேரத்திலும் தூண்கள் நின்றன. சில அரை மணிகளில் நல்ல உயரமாகவே நின்றன.

யார் எரிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். பகலில் செய்வதற்கு எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அறை அறையாகப் போய்ப் பிளக்குகளைக் கழற்றினேன். தொலைக்காட்சி, மைக்ரோவேவ், மகளின் மேசையில் கிடந்த சார்ஜர்கள். நூலகத்தில் மின்சாரம் அளக்கும் பெட்டி இரவல் தருகிறார்கள் என்று செயலியிலேயே எழுதியிருந்தது. போய்ப் புத்தகம் எடுப்பதுபோல அட்டையைக் காட்டி எடுத்து வந்தேன். அதற்குள் ஒரு சின்ன அளவி இருந்தது. சுவரில் அதைச் செருகி, அதற்குமேல் பொருளின் பிளக்கைச் செருகினால் அது எவ்வளவு இழுக்கிறது என்று எண் வரும். குளிர்சாதனப் பெட்டியை ஒரு நாள் அளந்தேன். சலவை இயந்திரத்தை அளந்தேன். கடைசியில் பின்னறைக்குப் போனேன். அங்கேதான் மகளின் மீன்தொட்டி இருந்தது.

அந்தத் தொட்டியின் கதையைச் சொன்னால்தான் நான் செய்ததன் கனம் விளங்கும்.

நாங்கள் மூவரும் இந்த நாட்டுக்குப் படகில் தஞ்சம் கேட்டு வந்தவர்கள். வந்தபோது மகளுக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு பல வருடங்கள் தற்காலிக விசாவில் கழிந்தன. குடிவரவுத் திணைக்களத்தின் ஒரு கடிதத்திலிருந்து அடுத்த கடிதம் வரைக்கும்தான் எங்கள் திட்டங்கள் நீண்டன. ஏழு வயதில் அவள் நாய்க்குட்டி கேட்டாள். "விசா வரட்டும் பிள்ளை" என்றேன். ஒன்பது வயதில் முயல் கேட்டாள். அதற்கும் அதேதான் சொன்னேன். போகச் சொன்னால் போகவேண்டிய வீட்டில் ஒரு உயிரை வளர்ப்பது எப்படி? பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நிரந்தர விசா வந்த அன்று மனைவி அழுதாள், நான் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து என் முன்னால் நின்றாள். பதினைந்து வயது. "அப்பா, இப்ப மீன் வளக்கலாமா?" என்று கேட்டாள். நாய் என்றால் வீட்டு ஏஜெண்டிடம் அனுமதி கேட்கவேண்டும், மீன் என்றால் பிரச்சினை இருக்காது என்பதையும் அவளே யோசித்து வைத்திருந்தாள்.

த பேசின் என்ற மலையடி ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பழைய நான்கடித் தொட்டியை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். அங்கே போய் எடுத்து வந்தோம். முன்னறையில் கம்பளம் விரித்திருந்ததால், தண்ணீர் சிந்தினால் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல முடியாது என்று, ஓடு பதித்த பின்னறையில் வைக்கச் சொன்னது நான்தான். மூன்று பக்கமும் கண்ணாடி யன்னல் உள்ள அறை அது. கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. மகள் தான் துரித உணவுக் கடையில் வேலைசெய்து சேர்த்த காசில் மீன்கள் வாங்கினாள். நீலமும் சிவப்புமாக மின்னும் நியோன் டெட்ரா ஒரு கூட்டம், இரண்டு ஏஞ்சல், தரையோடு ஊரும் நான்கு லோச். ஒவ்வொரு நாளும் பள்ளியால் வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டியின் வெப்பமானியைப் பார்ப்பாள். இருபத்தாறு பாகையில் இருக்கவேண்டும். கொப்பியில் எழுதி வைப்பாள்.

நான் அளந்தபோது விளக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் பில்டரும் பெரிதாக எதையும் இழுக்கவில்லை. ஹீற்றர்தான். கண்ணாடிக் குழாய் மாதிரித் தண்ணீருக்குள் நிற்கும் அந்தச் சின்னச் சாமான், ஒரு நாளில் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைவிடப் பல மடங்கு எரித்திருந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு நான் அந்த அறையிலேயே நின்றேன். அறை விறைத்தது, என் மூச்சு புகையாகத் தெரிந்தது. தொட்டிக்குள் மீன்கள் மட்டும் வெப்பநாட்டில் நீந்திக்கொண்டிருந்தன.

அன்று பின்னேரம் மகளிடம் சாடையாகக் கேட்டேன். "பிள்ளை, இந்த ஹீற்றரைக் கொஞ்சம் குறைச்சு வைக்க ஏலாதே?"

"No, அப்பா. They're tropical. குறைச்சால் வருத்தம் வரும்."

"ரண்டு டிகிரி?"

"அப்பா, please." அவள் முகம் மாறியது. "பில் கூட வந்ததா? நான் வேணுமெண்டால் என்ர காசில தாறன்."

"சீச்சீ, சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை பில்லுக்குக் காசு தருகிறேன் என்று சொன்னது எனக்குச் சுட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து, அவள் பள்ளிக்கூடம் போனதும் பின்னறைக்குப் போய் ஹீற்றரின் சுவிட்சை நிறுத்தினேன். பன்னிரண்டரைக்குத் திரும்பவும் போட்டேன். இடையில் ஒவ்வொரு இருபது நிமிடமும் போய் வெப்பமானியைப் பார்த்தேன். இருபத்தைந்தரை. இருபத்தைந்து. இருபத்துநான்கு. மகள் நான்கு மணிக்கு வந்தபோது தண்ணீர் அநேகமாகப் பழையபடி சூடாகியிருந்தது. அவள் கொப்பியில் எழுதினாள். எனக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் கூடவே ஏதோ சாதித்ததுபோலவும் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு, இந்த வீட்டுக்கு நானும் ஏதோ செய்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான் என் வேலை. எட்டரைக்கு நிறுத்துவேன், பன்னிரண்டரைக்குப் போடுவேன். உண்மையைச் சொன்னால், அதில் மிச்சம் பிடித்தது மிகக் கொஞ்சம். ஆறிப்போன தண்ணீரைத் திரும்பச் சூடாக்க ஹீற்றர் பின்னேரம் வரைக்கும் ஓயாமல் எரிந்தது. நூலகத்து அளவி அதை எனக்குத் தெளிவாகவே காட்டியது. நிறுத்திய நாளுக்கும் நிறுத்தாத நாளுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு கேத்தல் தேநீருக்குக் காணுமோ தெரியாது. ஒரு கிழமைக்குள்ளேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் நிறுத்தினேன். எட்டரைக்கு அந்தச் சுவிட்சைத் தட்டாவிட்டால் அந்த நாளைத் தொடங்கமுடியாது என்ற மாதிரி ஆகிவிட்டது. இதை எப்படி விளக்குவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கிழமையில் ஒரு வியாழக்கிழமை எனக்குத் தோள் சிகிச்சைக்குப் போகவேண்டியிருந்தது. காலையில் வழக்கம்போல நிறுத்திவிட்டுத்தான் போனேன். பதினொரு மணிக்கு என்று சொன்னவர்கள் ஒரு மணிக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். அங்கிருந்து காப்புறுதிக்காரர்கள் அனுப்பிய இன்னொரு மருத்துவரிடம் போகவேண்டியிருந்தது. அவர் என் கையைத் தூக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று என்னிடமே கேட்டார். நான் அவருக்கு முன்னால் இருந்துகொண்டு சுவிட்சை நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் மழை, பெருவீதியில் கார்கள் அசையவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. மகளுக்கு அன்று பின்னேரம் கடையில் வேலை, அவள் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். இருபது பாகை. மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி அசையாமல் நின்றன. சுவிட்சைப் போட்டேன். மனைவி குசினியிலிருந்து, "என்ன ஓட்டம் ஓடுறியள்?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன்.

எட்டு மணிக்கு மகள் வந்தாள். நேராகப் பின்னறைக்குப் போனாள்.

"அப்பா! Twenty-two! ஹீற்றர் பழுதாப் போச்சோ?"

"வெளியில குளிர்தானே. அதாலயா இருக்கும்" என்றேன்.

அவள் ஹீற்றரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். போர்வை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். அடுத்த நாள் காலையில் நான் சுவிட்சைத் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் தொடவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது.

ஐந்தாம் நாள் லோச் ஒன்றின் உடம்பில் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மறுநாள் டெட்ராக்களிலும் தெரிந்தன. அவை கல்லிலும் செடியிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடின. மகள் தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தாள். வெள்ளைப்புள்ளி நோய் என்று சொன்னாள். இரண்டு டெட்ரா செத்து மேலே மிதந்தபோது, சின்ன வலையால் எடுத்துக் கடதாசியில் சுற்றினாள். அழவில்லை. பின்னேரம் சாப்பிட வரவில்லை.

மனைவி கூப்பிடப் போனாள். கதவுக்கு வெளியே நின்று நானும் கேட்டேன்.

"அம்மா, it's my fault. போன மாசம் புதுசா வாங்கின மீனை வேற வச்சுப் பாக்காமல் நேர தொட்டிக்குள்ள விட்டனான். அப்பிடிச் செய்யக்கூடாதெண்டு எனக்குத் தெரியும். Lazy-ஆ இருந்திட்டன்."

"மீன்தானே ராசாத்தி, சாப்பிட வா."

"மீன்தானே எண்டு சொல்லாதேங்கோ!"

நான் அந்த இடத்திலிருந்து விலகி முற்றத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குப்பை வாளிகளை வேலியோரமாக வரிசைப்படுத்தினேன். இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்தேன். வரிசையாகத்தான் நின்றன, திரும்பவும் இழுத்து மாற்றினேன்.

சனிக்கிழமைக்குள் ஆறு டெட்ராக்கள் செத்துவிட்டன. அன்று காலையில் மகள் மிச்ச மீன்களை எல்லாம் மூடியுள்ள ஒரு வாளிக்குள் பிடித்து விட்டிருந்தாள். த பேசினில் தொட்டி விற்ற பெண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அவரிடம் ஒரு வெறும் தொட்டி இருக்கிறது, கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

"குடுக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"ஓம். எனக்கு வளக்கத் தெரியாது."

காரில் வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். நாங்கள் கோயிலுக்குப் போகும் பாதைதான் அது. வழமையாக அவள் பாட்டுப் போடுவாள். அன்று வாளிக்குள் தண்ணீர் அலையும் சத்தம் மட்டும் கேட்டது. மலைத்தொடர் தெரியத் தொடங்கியபோது சிவப்பு விளக்கில் நின்றோம்.

"நான் ஒவ்வொரு நாளும் temperature எழுதினனான், அப்பா" என்றாள் திடீரென்று. "எல்லாம் சரியாத்தான் இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும்தான். ஏனெண்டு விளங்கேல்லை."

விளக்குப் பச்சையானது. நான் காரை எடுத்தேன். இன்னும் பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் வீடு வந்துவிடும். மீன்களைக் கொடுத்துவிடுவாள். தனக்கு ஒரு உயிரைப் பார்க்கத் தெரியாது என்ற முடிவோடு திரும்பி வருவாள். காரை ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன, அப்பா?"

"நான்தான் நிப்பாட்டினனான்."

"என்னத்தை?"

"ஹீற்றரை. நீ பள்ளிக்கூடம் போனாப்பிறகு. ஒவ்வொரு நாளும். மத்தியானம் திரும்பப் போடுவன். அண்டைக்கு டொக்டரிட்டப் போய் வரப் பிந்திப்போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கார்க் கண்ணாடிக்கு அப்பால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"How long?"

"மூண்டு கிழமை."

"Every day?"

"ஓம்."

"கரண்ட் பில்லுக்காகவா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மை இல்லை. "தெரியேல்லை பிள்ளை" என்றேன்.

"நான் கேட்டனான்தானே, காசு தாறனெண்டு!" அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "நான் கேட்டனான்! நீங்கள் சும்மா எண்டு சொன்னீங்கள். குளிர்தானே எண்டு சொன்னீங்கள். You watched me. நான் என்ர பிழை எண்டு நினைக்கேக்க நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தீங்கள்."

லொறி ஒன்று பக்கத்தால் போனபோது கார் ஆடியது. அவள் வாளியை இறுக்கிப் பிடித்தாள்.

"Just drive" என்றாள்.

அந்தப் பெண் ரப்பர் பூட்ஸோடு வாசலுக்கு வந்தார். வாளி மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். மகள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். புதுமீனை நேராக விட்டதையும் சொன்னாள், அப்பா ஹீற்றரை நிறுத்தியதையும் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அந்தப் பெண் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நோய் புதுமீனோடு வந்திருக்கும், ஏறி இறங்கிய சூடு மீன்களைப் பலவீனமாக்கி அதற்கு வழிவிட்டிருக்கும், இரண்டும் சேர்ந்துதான் என்றார். இன்னொரு தொட்டிக்கு மாற்றினால் இருக்கிறவையும் செத்துப்போகும், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக முப்பது பாகைக்கு ஏற்று, இரண்டு கிழமை அப்படியே வைத்திரு என்றார். முப்பது பாகை என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

திரும்பி வரும்போது மகள் பின்இருக்கையில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கும் தெரிந்தது. அவள் கத்தவில்லை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "தோள் நோவெண்டால் நோவெண்டு சொல்லுங்கோ. வீட்டில சும்மா இருக்க விசரா இருக்கெண்டால் விசரா இருக்கெண்டு சொல்லுங்கோ. இப்பிடி ஒளிச்சு ஒளிச்சுச் செய்யாதேங்கோ" என்றாள். கையை நீட்டி என் தொலைபேசியை வாங்கி, அந்தச் செயலியை அழித்தாள். நான் தடுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் ஹீற்றர் இரவும் பகலும் எரிந்தது. மகள் சுவிட்சின் மேல் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டினாள். ஒன்றும் எழுதவில்லை, சும்மா ஒட்டினாள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசியது. என்னோடு கதைப்பதை அவள் முழுதாக நிறுத்தவில்லை. "ஓம்", "இல்லை", "போட்டு வாறன்" வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னும் மூன்று டெட்ராக்களும் ஒரு லோச்சும் செத்தன. பிறகு சாவு நின்றது. புள்ளிகள் உதிர்ந்தன, தண்ணீரை அவள் திரும்பவும் இருபத்தாறுக்கு இறக்கினாள். ஏஞ்சல் இரண்டும் தப்பிவிட்டன. ஒருநாள் பின்னேரம் அவள் ஒட்டுநாடாவை மாற்றிப் புது ஒட்டுநாடா ஒட்டுவதைக் கண்டேன்.

நோய் அடங்கி ஒரு கிழமைக்குள் தபால்பெட்டியில் ஒரு அறிவித்தல் வந்தது. எங்கள் தெருவில் மின்கம்பம் மாற்றப் போகிறார்கள். வரும் புதன்கிழமை காலை ஒன்பது தொடக்கம் மூன்று மணிவரை கரண்ட் இருக்காது. மகள் அதை இரண்டுதரம் வாசித்தாள். அன்றைக்கு அவளுக்கு இரசாயனவியல் பரீட்சை.

"அம்மா, நீங்கள் லீவு எடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"அண்டைக்கு ரண்டு பேர் வரமாட்டினம், எனக்கு ஏலாது."

நான் மேசையின் மறுமுனையில்தான் இருந்தேன். பகல் முழுக்க வீட்டில் இருப்பவன் நான். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

"நான் பாக்கிறன்" என்றேன்.

மகள் தாயைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் எழுதித் தருவன். அப்பிடியே செய்யவேணும்" என்றாள். ஒரு தாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். தண்ணீருக்குள் காற்று ஊத, பற்றரியில் ஓடும் பம்பு ஒன்றை வாங்கி வந்து, எப்படிப் போடுவது என்று எனக்கு இரண்டுமுறை காட்டினாள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குச் சொன்னபடி கரண்ட் நின்றது. பில்டரின் முனகல் நின்றதும் வீடே காது அடைத்ததுபோல ஆகிவிட்டது. காற்றுப் பம்பைப் போட்டேன். தொட்டியைச் சுற்றிப் போர்வைகளைக் கட்டினேன். காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்துத் தண்ணீர் சுடவைத்தேன். பெரிய சோடாப் போத்தல்களில் அதை ஊற்றி மூடித் தொட்டியில் மிதக்க விடவேண்டும், ஒருமுறைக்கு இரண்டு போத்தல்தான் என்று தாளில் இருந்தது. பானையை இடது கையால் தூக்க முடியவில்லை. சின்னச் சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றினேன்.

பதினொரு மணிக்கு இருபத்தைந்தரை. எனக்குப் போதவில்லை. மூன்றாவது போத்தலும் விட்டேன், நான்காவதும் விட்டேன். அரை மணியில் பார்த்தால் இருபத்தேழு தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறினாலும் கூடாது, இறங்கினாலும் கூடாது என்று எழுதியிருந்தாள். போத்தல்களைப் பறித்து எடுத்தேன், சட்டையெல்லாம் நனைந்தது. ஓடு வழுக்கியது. ஏஞ்சல் மீன்கள் இரண்டும் கண்ணாடியோரம் வந்து நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அவற்றுக்கு முன்னால் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வெளியே வேலைக்காரர்கள் கம்பத்தைச் சாய்ப்பதும் கத்துவதுமாக இருந்தார்கள். இரண்டுதரம் கதவைத் திறந்து போய் எப்போது முடியும் என்று கேட்டேன். இரண்டாம் தரம் அவர்கள் சிரித்தார்கள்.

மூன்று மணிக்குக் கரண்ட் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. அதற்குள் தண்ணீர் இருபத்துநான்கரைக்கு வந்துவிட்டது. திரும்ப அடுப்பைப் பற்றவைத்தேன்.

நான்கு மணிக்கு மகள் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். பையோடு பின்னறைக்குப் போனாள். தெருவில் கம்பம் பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"எவ்வளவு?"

"இருபத்துநாலரை. நடுவில ஒருக்கால் ஏறிப்போச்சு, இருபத்தேழரை வரைக்கும். போத்தல் கூட வச்சிட்டன்."

இதை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் வெப்பமானியைப் பார்த்தாள், மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு என் நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"ஏன் கூட வச்சனீங்கள்?"

"சும்மா நிக்க ஏலாமல் போச்சு."

அவள் பையை இறக்கி வைத்தாள். அடுப்படிக்கு வந்து பானையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிப் போத்தல்களை நிரப்பினோம். அவள் இரண்டு போத்தல்களைத் தண்ணீரில் விட்டாள். நான் தொலைபேசியில் நேரம் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் எண்ணைச் சொல்ல, அவள் கொப்பியில் எழுதினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஐந்தேகாலுக்குப் பில்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"எக்ஸாம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"ஒரு கேள்வி பிழைச்சிட்டுது" என்றாள். கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து, பென்சிலால் ஏதோ வட்டங்களும் கோடுகளும் போட்டு, எங்கே பிழைத்தது என்று சொல்லத் தொடங்கினாள். நான் ஈரச் சட்டையோடு ஓட்டுத்தரையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.